ஒட்டிக் கொடுத்த கவர்

அருப்புக்கோட்டை
17-2-1988

என் அருமை மருமகன் ராம்குமாருக்கு, உன் தாய்மாமன் முனீஸ்வரன் அநேக ஆசிகளோடு எழுதுவது. இங்கே நான் சுகம். என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை; அது தனிக் கட்சி ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. பிலாயில் நீயும் செல்லக்கிளியும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே குளிர் விட்டதா? இங்கே மாசி பிறந்ததும் பிறக்காததுமாக வெயில் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

ஒரு பெரிய செய்தி. பூமியில் இதுவரை மூன்று மாபெரும் படையெடுப்புகள் நடந்திருக்கின்றன. நாலாவது நேற்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நடந்தது. உன் மாமன் அருப்புக்கோட்டை சதுரங்கக் கழகத்தில் சேர்ந்துவிட்டேன்.

சிரிக்காதே. மாமாவுக்குக் குதிரை எப்படிப் போகும் என்றே தெரியாதே என்றுதானே கேட்கிறாய்? நேற்று மத்தியானம் வரை தெரியாதுதான். பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் முழு வித்தையையும் கரைத்துக் குடித்துவிட்டேன். குதிரை கோணலாகப் போகிறது. நம் சொந்தக்காரர்களைப் பார்த்துப் பழகியவனுக்கு அது கஷ்டமே இல்லை.

கழகம் என்றால் நல்லகண்ணுவின் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்தான். செவ்வாய்தோறும் ஆறு மணிக்கு மிஷின்களுக்கெல்லாம் உறை மாட்டி ஓரம் தள்ளிவிட்டு எட்டுப் பலகை போடுகிறான். கரும்பலகையில் பதினாறு பெயர், ஏணி மாதிரி ஒன்றின் கீழ் ஒன்று. வாராவாரம் உனக்கு அடுத்த படியில் இருப்பவனோடு ஆட்டம். ஜெயித்தால் அவன் இடம் உனக்கு. வராதவன் தோற்றவன். பதினாறாவது படியில் உன் மாமன். ஒன்றாவது படியில் ஆறு வருஷமாக அசையாமல் இருப்பவர் யார் தெரியுமா? மல்லி வத்தல் கமிஷன் கடை தங்கசாமி. உன் அப்பாதான்.

இப்போது விளங்கியிருக்கும். என் மச்சான் என்னோடு பேசி ஒரு வருஷம் ஏழு மாதம் ஆகிறது. கடைக்குப் போனால் எழுந்து குடோனுக்குள் போய்விடுகிறார். தெருவில் கண்டால் அந்தப் பக்கம் மாறுகிறார். அந்தப் பக்கம் சாக்கடை இருந்தாலும் மாறுகிறார். ஆனால் கழகத்தில் ஆட்டத்துக்கு உட்கார்ந்தால் எழுந்து போக முடியாது. ஆரம்பிக்கும் முன் கை குலுக்கியாக வேண்டும். இரண்டு மணி நேரம் என் மூஞ்சிக்கு எதிரே அவர் மூஞ்சி! உன்னை ஊருக்கு வரச் சொல்லி அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வாங்க எனக்கு அது போதாதா? பதினாலு படி ஏறினால் போதும். வைகாசிக்குள் ஏறிவிடுவேன்.

செல்லக்கிளிக்கு என் ஆசி.

இப்படிக்கு,
பஞ்சுத் தரகர் குலத் திலகம், பலகைப் போர் மாவீரன்,
உன் மாமன் முனீஸ்வரன்


பிலாய்
4-3-1988

அன்புள்ள மாமாவுக்கு, ராம்குமார் வணக்கம். நாங்கள் நலம். உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்ப்பதை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்பாவிடம் என் பேச்சை எடுக்க வேண்டாம் மாமா. உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் கொடுத்த முதல் தந்தி பொங்கலுக்கு வந்தது. ‘அம்மா சீரியஸ். உடனே புறப்படவும்.’ அலறியடித்து வந்தால் அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தீர்கள். இரண்டாவது தந்தியிலும் அதே வாசகம். வந்து பார்த்தால் பெண் பார்க்கப் போக வேன் நின்றது. அதில்தான் செல்லக்கிளி கிடைத்தாள். அதற்குக் கோபப்பட முடியாது. மூன்றாவது தந்தி வந்தபோது கூட வேலை செய்பவர்களிடம் காட்டிச் சிரித்தேன். ‘எங்க மாமா மறுபடி ஆரம்பிச்சுட்டாரு’ என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்தேன். நாலு நாள் கழித்துத்தான் ரயில் ஏறினேன்.

நான் வைக்க வேண்டிய கொள்ளியை அப்பா வைத்தார். அம்மா இரண்டு நாள் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாளாம். நான் வீட்டுக்குள் கால் வைக்கும் முன்னே அப்பா ‘வந்த வழியே போ’ என்றார். அதற்குப் பிறகு நான் போட்ட கடிதம் எல்லாம் அப்படியே திரும்பி வந்தது.

செல்லக்கிளிக்கு ஆறாம் மாதம். தாய் வீட்டுக்கு அனுப்பலாம் என்றால், திருச்சுழி போக அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில்தான் இறங்க வேண்டும். அங்கே இறங்கி, வீட்டுக்குப் போகாமல் அடுத்த பஸ் ஏற மனம் வரவில்லை. அவள் அம்மாவே இங்கே வருகிறார்கள்.

ஒன்று மட்டும். இனி எது நடந்தாலும் தந்தி கொடுக்காதீர்கள் மாமா. கடிதம் போடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராம்குமார்


அருப்புக்கோட்டை
20-4-1988

கண்ணுக்குக் கண்ணான மருமகனுக்கு, மாமன் எழுதுவது. செல்லக்கிளி புளிப்பு கேட்டால் கொடு, மண்ணைக் கேட்டால் மட்டும் கொடுக்காதே. இங்கே எல்லாரும் சுகம். முழங்காலை டாக்டரிடம் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

தந்தி விஷயம் படித்தேன். கொடுக்கமாட்டேன். தபாலாபீசில் அந்தப் பக்கத்து ஜன்னலுக்கே போகமாட்டேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

போர்க்களச் செய்திக்கு வருகிறேன். ஒன்பது வாரம், ஒன்பது யுத்தம். ஒன்பதிலும் நான் வீரத்தோடு தோற்றேன். முதல் வாரம் என்னைத் தோற்கடித்தவன் தறிக்கார மூர்த்தி. எட்டே நகர்த்தலில் முடித்துவிட்டு, ‘அண்ணாச்சி, இன்னொரு ஆட்டம் போடுவமா, நேரம் கெடக்கு’ என்றான். எம்.ரெட்டியபட்டியிலிருந்து பஸ் ஏறி வரும் கருத்தப்பாண்டி இருக்கிறானே, பருத்தி வெடித்துக் கிடக்கிற சீசனில் மூன்று வாரம் தூங்காத ஆள், பலகை முன்னால் உட்கார்ந்து குறட்டை விட்டான். நடுவில் எழுந்து ஒரு காயை நகர்த்திவிட்டு மறுபடி தூங்கினான். தோற்றது நான். பதினாறாவது படியை நான் விடவில்லை. அதற்கு அடியில் பதினேழு என்று ஒன்று போட்டு என்னை அங்கே இறக்கலாமா என்று நல்லகண்ணு யோசிக்கிறான்.

உன் அப்பாவை வாராவாரம் தூரத்திலிருந்து பார்க்கிறேன். இளைத்திருக்கிறார். ஐந்தே முக்காலுக்கெல்லாம் வந்து காய்களைத் துண்டால் துடைத்து வைக்கிறார். காகிதம் கிழிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. கடையில் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட கல்யாணம் முடிகிற வரை பொறுக்காமல், வெள்ளையாய் இருக்கிற இடத்தை மடித்து நகத்தால் நீவிக் கிழித்துச் சீட்டு பண்ணுவாரே, அதே கதை. போன வாரம் கழகத்தின் விதிமுறைத் தாளையே கிழித்து அதில் ஆட்டத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் ஒன்றும் சொல்வதில்லை.

செல்லக்கிளிக்கு ஒரு தூக்குச் சட்டி நிறைய என் ஆசி.

இப்படிக்கு,
தோல்வியே காணாதவன் கண்டிராத தோல்விகளைக் கண்ட
முனீஸ்வர பூபதி


பிலாய்
9-7-1988

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். பதில் போட இரண்டரை மாதம் ஆகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 14 அன்று பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அம்மாவின் நெற்றி அப்படியே இருக்கிறது. நான் சொல்லவில்லை, செல்லக்கிளியின் அம்மா சொன்னார்கள்.

இன்னும் பெயர் வைக்கவில்லை. எங்கள் வீட்டில் முதல் பிள்ளைக்குத் தாத்தாதான் பெயர் சொல்ல வேண்டும், உங்களுக்குத் தெரியும். இப்போதைக்கு ‘பாப்பா’ என்று கூப்பிடுகிறோம்.

அப்பாவிடம் என் பேச்சை எடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தேன். இப்போது எடுங்கள் என்று எழுதுகிறேன். நான் வீட்டுக்குள் வர வேண்டாம், வாசலில் நிற்கிறேன். பிள்ளையை மட்டும் கொண்டுவந்து காட்டலாமா என்று கேளுங்கள். ‘வரட்டும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே புறப்படுகிறேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது?

ராம்குமார்


அருப்புக்கோட்டை
31-8-1988

பேத்தி பெற்றுக் கொடுத்த பெருமகனுக்கு, மாமன் ஆனந்தக் கண்ணீர் மல்க எழுதுவது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் பந்தல்குடி வரைக்கும் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டதாகப் பேச்சு. பாப்பாவுக்கு வெயில் படாமல் பார்த்துக்கொள். தலைக்கு ஊற்றும்போது காதைப் பொத்து.

நான் இப்போது எட்டாவது படி! ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. எப்படி என்கிறாயா? ஆடி முழுக்கக் கோயில் கொடை, ஆவணி பிறந்ததும் முகூர்த்தம். இவனுக்குக் குலசாமி கும்பிடு, அவனுக்கு மச்சினன் கல்யாணம். வராதவன் தோற்றவன். எட்டு வாரமாக ஒவ்வொருத்தனும் பந்தியில் உட்கார்ந்திருக்க, நான் காலிப் பலகை முன்னால் உட்கார்ந்து, எதிரே இருக்கிற நாற்காலியை முறைத்து முறைத்தே எட்டுப் படி ஏறிவிட்டேன். இனிமேல்தான் இருக்கிறது வேடிக்கை. புரட்டாசியில் ஒரு மழை விழுந்தால் ரெட்டியபட்டி, நரிக்குடி ஆட்கள் விதைப்புக்குப் போய்விடுவார்கள். தீபாவளி நெருங்கினால் தறிக்காரர்களுக்குத் தலை தூக்க நேரம் கிடையாது. மேகமும் சேலை வியாபாரமும் சேர்ந்து என்னை உன் அப்பா முன்னால் கொண்டுபோய் உட்கார வைக்கப் போகின்றன.

பேத்தி பிறந்த செய்தியை எப்படிச் சொன்னேன் என்று கேள். போன செவ்வாய் அவர் பலகைக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, நல்லகண்ணுவிடம் சொல்வது போல, ‘ஏலே நல்லகண்ணு, எங்க ராமலட்சுமி அக்காவுக்குப் பேத்தி பெறந்திருக்கா. அச்சு அசல் அக்கா நெத்தி. இன்னும் பேரு வைக்கல. தாத்தா சொல்லணும்னு காத்திருக்காக’ என்றேன். மொத்தக் கழகமும் காயைக் கையில் பிடித்தபடி நின்றது. உன் அப்பா தலை தூக்கவில்லை.

‘நல்லகண்ணு, ஆட்டம் நடக்கும்போது பேசக் கூடாதுன்னு ரூலு இருக்கா இல்லையா?’ என்றார்.

‘இருக்குங்க அண்ணாச்சி.’

‘அப்ப அவுககிட்டச் சொல்லு.’

நல்லகண்ணு எனக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்தான். இரண்டு எச்சரிக்கை வாங்கினால் அந்த வாரம் தோல்வி. ஆனால் ஒன்று, என்னை ‘அவுக’ என்றார். இரண்டு வருஷமாக அதுகூட இல்லை.

நீ ஒரு காரியம் செய். அவருக்கு ஒரு கடிதம் எழுதி என் கவருக்குள் வைத்து அனுப்பு. தபால்காரன் கொடுத்தால் திருப்புவார். பலகையில் வைத்தால் எங்கே திருப்புவார்?

இப்படிக்கு,
காலி நாற்காலிகளை வென்ற கடாரம் கொண்டான்,
உன் மாமன்


பிலாய்
20-9-1988

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். பாப்பாவுக்குச் சளி, மற்றபடி நலம். கழுத்து நின்றுவிட்டது.

அப்பாவுக்கு எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரே தாள். ஒட்டவில்லை, நீங்கள் படித்தாலும் பரவாயில்லை. கடைசியில் ‘நீங்கள் பதில் போட வேண்டும் என்று கேட்கவில்லை. படித்தால் போதும்’ என்று எழுதியிருக்கிறேன். அது பொய். ஆனால் அப்படித்தான் எழுத வந்தது.

தினமும் தபால்காரரைப் பார்க்கிறேன்.

ராம்குமார்


அருப்புக்கோட்டை
2-11-1988

மருமகனே! ராஜாதி ராஜனே! மாமன் எழுதுவது. நலம், நலம், அனைவரும் நலம், முழங்கால்கூட நலம். செல்லக்கிளியிடம் பெட்டி படுக்கையை எடுத்து வைக்கச் சொல்.

நேற்று நடந்தது. நான் இரண்டாவது படி. உன் அப்பா முதல் படி. மற்ற ஏழு பலகையில் நாலில் ஆளே இல்லை, பாதிப் பேர் விதைப்பில், பாதிப் பேர் தறியில். மழை வேறு. கை குலுக்கினோம். குலுக்கினோம் என்றால், அவர் இரண்டு விரலை நீட்டினார், நான் அதை ஐந்து விரலாலும் பிடித்துக்கொண்டேன். விட மனசில்லை. அவராக உருவிக்கொண்டார். விரல் சில்லென்று இருந்தது மாப்பிள்ளை.

நான் என் வாழ்நாளில் ஆடாத ஆட்டம் ஆடினேன். மணி அடிக்கும் வரை என் ராணியை நான் இழக்கவில்லை என்றால் பார்த்துக்கொள். ஆனால் நான் பலகையை எங்கே பார்த்தேன்? அவர் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் நல்லகண்ணுவைக் கூப்பிட்டு, ‘அவுகளைப் பலகையப் பாத்து ஆடச் சொல்லு. குனிஞ்சு குனிஞ்சு என் மூஞ்சியில என்னத்தத் தேடுதாக?’ என்றார்.

ஏழரைக்கு உன் கடிதத்தை எடுத்து அவர் பக்கம் பலகை ஓரத்தில் வைத்தேன். நாலாக மடித்தது. மேலே ‘அப்பாவுக்கு’ என்று உன் எழுத்து. பார்த்தார். ‘ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாதது பலகையில இருக்கக் கூடாதுங்க’ என்று நல்லகண்ணு எடுக்க வந்தான். அவன் கை நீளுவதற்குள் அவர் எடுத்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்! அந்த நிமிஷம் ஊரில் உள்ள அத்தனை கண்மாயும் ஒரே நேரத்தில் நிரம்பி மறுகால் பாய்ந்தது. எனக்குக் காது அடைத்துவிட்டது.

அதன் பிறகு நான் கீழே போய் ஒரு டீ குடித்தேன். அவர் தனியாக இருந்து படிக்கட்டும் என்றுதான். திரும்பி வரக் கால் மணி ஆயிற்று. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். எட்டேகாலுக்கு நல்லகண்ணு மணி அடித்தான். ரெட்டியபட்டி கடைசி பஸ் எட்டரைக்கு என்பதால் எட்டேகாலுக்கு எல்லா ஆட்டமும் நிற்க வேண்டும். முடியாத ஆட்டம் என்றால், யார் முறையோ அவர் அடுத்த நகர்த்தலை மற்றவனுக்குக் காட்டாமல் ஒரு சீட்டில் எழுதிக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். அடுத்த ஆட்டத்தன்று கவரைப் பிரித்து, அதில் உள்ளபடி காயை வைத்துத் தொடர வேண்டும். நேற்று அவர் முறை.

இங்கேதான் கேள். நல்லகண்ணு சீட்டு எடுக்க உள்ளே போனான். அவன் வருவதற்குள் அவர் தன் பையிலிருந்தே ஒரு காகிதத்தைக் கிழித்து எழுத ஆரம்பித்துவிட்டார். ஒரு காயை நகர்த்த எவ்வளவு எழுத வேண்டும்? ஒரு சொல், ஒரு எண். ஆனால் அவர் எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். மூன்று வரி! நான் எண்ணினேன், மூன்று வரி! இந்தக் கவரை அடுத்து நான்தான் பார்ப்பேன் என்று அவருக்குத் தெரியாதா? வாய் திறந்து சொல்ல ரோஷம் விடவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டார். நல்லகண்ணு அரக்கு வைத்து டிராயரில் பூட்டினான்.

வருகிற செவ்வாய் தீபாவளி நேரம், கழகம் லீவு. பதினைந்தாம் தேதி பிரிப்பு. பதினாறாம் தேதி உனக்குக் கடிதம் போடுவேன். டிக்கெட் மட்டும் விசாரித்து வை.

இப்படிக்கு,
பூமி ஆளப் பிறந்தும் பஞ்சு விற்றுக்கொண்டிருக்கும்
உன் மாமன்


தந்தி
அருப்புக்கோட்டை, 13-11-1988

தந்தை தங்கசாமி நேற்று காலமானார். உடனே புறப்படவும்.
நல்லகண்ணு, செயலாளர், சதுரங்கக் கழகம்


பிலாய்
5-12-1988

அன்புள்ள மாமாவுக்கு, ராம்குமார் எழுதுவது. வந்து சேர்ந்தோம். ரயிலில் பாப்பாவுக்குச் சளி கூடிவிட்டது. செல்லக்கிளி நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

நான் வரும்வரை அப்பாவை மூன்று நாள் ஐஸில் வைத்து, எடுக்கக் கூடாது என்று நீங்கள் வாசலில் குறுக்கே உட்கார்ந்திருந்ததாக எல்லாரும் சொன்னார்கள். நன்றி மாமா. இந்த முறை கொள்ளி நான் வைத்தேன்.

தந்தியை நல்லகண்ணு அண்ணன் பெயரில் கொடுக்கச் சொன்னது நீங்கள்தான் என்றும் சொன்னார்கள். உங்கள் பெயரில் வந்திருந்தால் நான் புறப்பட்டிருப்பேனா? ரயில் முழுக்க யோசித்தேன். தெரியவில்லை.

பாப்பாவை அப்பா பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். நீங்கள் பார்த்தீர்கள்.

பதினாறு நாளும் அங்கே இருந்தேன். கவரைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு நாள் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் மாடிப்படி வரை போனேன். மேலே மிஷின் சத்தம் கேட்டது. ஏறாமல் திரும்பிவிட்டேன். ஆட்டத்துக்கு உரியவர் உட்காராமல் கவரைப் பிரிக்கக் கூடாது என்று நல்லகண்ணு அண்ணன் வைத்திருக்கிறாராம். நீங்கள் போய் உட்கார்ந்தால்தான் பிரிப்பாராம்.

மாமா, போய் உட்காருங்கள். மூன்று வரி என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் நூறு தடவை படித்துவிட்டேன். அதில் என்ன இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். கூட்டி எழுதினாலும் சரி. நீங்கள் என்ன எழுதினாலும் நம்புகிறேன்.

ராம்குமார்


அருப்புக்கோட்டை
28-12-1988

ராம்குமாருக்கு, மாமா எழுதுவது. கால் வலி இருக்கிறது. பாப்பாவுக்குச் சளி விட்டதா? துளசி கொடுக்கலாம்.

கவரைப் பதின்மூன்றாம் தேதி பிரித்தோம். நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. அன்று நின்ற நிலையிலேயே நல்லகண்ணு காய்களை அடுக்கினான். அரக்கை உடைத்தான். உள்ளே ஒரு சீட்டு, பீடிக் கட்டு அகலம்தான் இருக்கும். அதில் ‘குதிரை எஃப் 5’ என்று எழுதியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

நான் உனக்கு மூன்று வரி என்று எழுதினேன். நான் எண்ணவில்லை. எனக்குத் தெரியவும் இல்லை. அவர் கையை மறைத்துக்கொண்டுதான் எழுதினார்.

உனக்கு இதுவரை நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில், சீட்டில் ‘வரட்டும்’ என்று இருந்தது. ஒன்றில் உன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தார். ஒன்றில் பாப்பாவுக்குப் பெயர் சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் நன்றாக அமைந்துவிட்டது. ஸ்டாம்ப் ஒட்டித் தபால் பெட்டி வரை கொண்டுபோனேன். ‘அம்மா சீரியஸ்’ என்று எழுதிய அன்றைக்கும் அதே பெட்டியைத் தாண்டித்தான் போனேன். இப்போது திரும்பி வந்துவிட்டேன்.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன். சீட்டின் பின்பக்கம் உன் எழுத்து. உன் கடிதத்தின் அடியிலிருந்து கிழித்திருக்கிறார். ‘நீங்கள் பதில் போட வேண்டும் என்று கேட்கவில்லை. படித்தால் போதும்’ என்ற வரி முழுசாக இருக்கிறது. அதற்குக் கீழே உன் பெயர்.

நான் டீ குடிக்கப் போயிருந்த கால் மணி நேரத்தில் படித்தாரா, தெரியாது. நல்லகண்ணுவைக் கேட்டேன். அவன் மற்ற பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். மடித்து, நகத்தால் நீவி, நேராகக் கிழித்திருக்கிறார். ஆனால் அவர் எல்லாக் காகிதத்தையும் அப்படித்தான் கிழிப்பார். மீதிக் கடிதத்தைத் தேடினேன். அன்று போட்டிருந்த சட்டை வெளுப்புக்குப் போய் வந்துவிட்டது. கடை மேஜை, குடோன், தலையணை உறை எல்லாம் பார்த்தேன். கிடைக்கவில்லை. இதைப் பதில் என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். இல்லை என்றும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

குதிரையை எஃப் 5-இல் வைத்ததும் என் ராஜாவுக்குச் செக், ராணியும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. நல்ல நகர்த்தல். நான் பத்து நிமிஷம் பலகையைப் பார்த்தேன். பிறகு ராஜாவைச் சாய்த்துவிட்டேன். உன் அப்பா ஜெயித்தார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை என்றால் விதிப்படி முதல் படி எனக்கு வர வேண்டும். நல்லகண்ணு சாக்பீஸை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லி என் பெயரை அழிக்கச் சொன்னேன். இனி செவ்வாய்க்கிழமை போகமாட்டேன். போவதற்குக் காரியம் இல்லை.

சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். செல்லக்கிளிக்கு என் ஆசி.

பாப்பாவுக்கு நீயே பெயர் வைத்துவிடு.

முனீஸ்வரன்